கச்சி மாநகரக் கடவுச்சொல் தலபுராணம்

தலபுராணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. உலகத்தில் எது நடந்தாலும் அது முதலில் தங்கள் ஊரில்தான் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் ரசீது கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகையை நானும் எடுத்துக்கொள்கிறேன். கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டி இயக்குகிற 'பாஸ்' என்ற கடவுச்சொல் பெட்டகத்தை 2012இல் ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதினார் என்பார்கள். எழுதியிருக்கலாம். ஆனால் அதை நிறுவும்போது வருகிற ஒவ்வொரு கேள்விக்கும் மனிதன் சொல்லக்கூடிய அத்தனை தப்பான பதில்களும் காஞ்சிபுரத்தில் ஆயிரத்து நானூறு வருஷமாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

உலக வரலாறு முதலில் கொஞ்சம். கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் என்ற ஏற்பாட்டை 1961 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு கொண்டுவந்தது. ஒரே இயந்திரத்தைப் பல பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அவரவர் கோப்பு அவரவரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். குழந்தைக்கு ஒரு வயசு முடிந்ததோ இல்லையோ, காது குத்திவிட்டார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் இயந்திரம் கிடைத்தது, போதவில்லை. 1962இல் ஒரு துளை அட்டையைப் போட்டு, 'கடவுச்சொல் கோப்பை அச்சிட்டுக் கொடு' என்று கேட்டார். இயந்திரமும் மறுபேச்சு பேசாமல் அச்சிட்டுக் கொடுத்தது. துளை அட்டை நம்மூருக்குப் புதிதல்ல. பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் தலைக்கு மேல் ஜக்கார்டு பெட்டியில் சரம் சரமாகத் தொங்குவது அதுதான். அதை வைத்து இங்கே புடவை பார்டரில் அன்னப்பட்சி போடுகிறார்கள். அங்கே அடுத்தவன் நேரத்தைத் திருடினார்கள். ஊருக்கு ஊர் கைத்தொழில் மாறும்.

சரி, நிறுவுவோம். டெபியன், உபுண்டு குடும்பத்து லினக்ஸ் என்றால் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பாஸ்' என்று ஒரு வரி. பாஸ் என்பது பாஷ் மொழியில் எழுதிய சில நூறு வரி ஸ்கிரிப்ட்தான். கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி, தான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் நாலு பேரை ஏவிக்கொண்டிருக்கும். பூட்டித் திறப்பது ஜிபிஜியின் வேலை. பட்டியலைக் கிளை கிளையாக விரித்துக் காட்டுவது ட்ரீ. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று கணக்கெழுதுவது கிட். எடுத்து ஒட்டுவது எக்ஸ்கிளிப். நாலு பேரில் ஒருவர் வரவில்லையென்றால் அவர் பங்கு வேலை நின்றுவிடும். இதைத்தான் டிபென்டென்சி என்கிறார்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று முதலில் முடிவெடுத்தவன் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோவில் எடுத்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, இவை எதுவும் இல்லாமலே விசித்திரசித்தன் செய்தான் என்று கல்லிலும் வெட்டிவிட்டான். மென்பொருள் வெளியிடுகிறவர்கள் இன்று இதே தொனியில்தான் அறிக்கை விடுகிறார்கள்: வேறு எதுவும் தேவையில்லை, அப்படியே ஓடும். மகேந்திரன் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டான். மலை வேண்டும். அது பொடி எழுத்து நிபந்தனையில் வந்திருக்க வேண்டியது.

விசித்திரசித்தன் என்பது அவனுடைய யூசர்நேம்களில் ஒன்றுதான். குணபரன், சத்ருமல்லன், சேத்தகாரி, மத்தவிலாசன் என்று ஒரே ஆள் ஊரெல்லாம் கணக்குத் திறந்து வைத்திருந்தான். கடைசிப் பெயரைத் தான் எழுதிய நாடகத்துக்கே வைத்தான்: மத்தவிலாசப் பிரகசனம். அரியணையில் உட்கார்ந்துகொண்டு தன் தலைநகரத்தையே கிண்டலடித்த அந்த ராஜாவுக்கு இந்தக் கட்டுரையாளன் பெரிதும் கடன்பட்டவன். கதை காஞ்சியில் நடக்கிறது. சத்தியசோமன் என்ற காபாலிகன், துணைக்குத் தேவசோமை, இரண்டு பேருக்கும் நல்ல போதை. சத்தியசோமனுடைய கபால ஓட்டைக் காணோம். அதுதான் அவன் சோற்றுத் தட்டு, அதுதான் குடிக்கும் கிண்ணம், அதுதான் அவன் காபாலிகன் என்பதற்கு அடையாளச் சீட்டு. எங்கே வைத்தோம் என்று யோசிக்க வேண்டியவன், எதிரே வந்த பௌத்தப் பிக்குவைப் பிடித்துக்கொள்கிறான். பிக்கு நாகசேனன் அங்கிக்குள் எதையோ மறைத்தபடி போகிறான்; உள்ளே இருப்பது அவனுடைய சொந்தத் திருவோடுதான். காட்டினால் தீர்ந்தது. காட்டவும் மனசில்லை. இழுபறி, கைகலப்பு. மத்தியஸ்தத்துக்கு ஒரு பாசுபதன் வருகிறான். வந்தவனுக்கும் சொந்தக் கணக்கு இருக்கிறது. எல்லாரும் நியாய சபைக்குப் போகிற நேரத்தில் பைத்தியம் ஒருவன் கபாலத்தோடு வருகிறான். நாயிடமிருந்து பிடுங்கினானாம். ஓட்டில் ஒட்டியிருந்த இறைச்சிக்காகத் தூக்கிக்கொண்டு போனது நாய்.

கடவுச்சொல்லைத் தொலைத்தவன் இன்றைக்கும் இதே வரிசையில்தான் போகிறான். முதலில் வங்கி சர்வர் சரியில்லை. அப்புறம் மச்சான் போனை எடுத்து ஏதோ நோண்டிவிட்டான். அப்புறம் பஞ்சாயத்து. கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொல்வது வீட்டில் யாரும் மதிக்காத ஒரு ஆள்.

பாஸ் வந்தாயிற்று. இனி சாவி. 'ஜிபிஜி' என்று அடித்து 'ஃபுல்-ஜெனரேட்-கீ' என்று கேட்டால், பெயர், மின்னஞ்சல், ஆயுசு எல்லாம் விசாரித்துவிட்டு இரண்டு சாவிகளைச் செய்து தரும். ஒன்று பொதுச்சாவி, பூட்ட மட்டும் உதவும், ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். மற்றது தனிச்சாவி, திறக்க. பெற்ற தாய்க்கும் காட்டக் கூடாது. இந்த வித்தியாசம் புரியாததால் திருக்கோட்டியூரில் ஒரு பெரிய மனஸ்தாபம் நேர்ந்தது. ராமானுஜர் காஞ்சியில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, குருவோடு ஒத்துப்போகாமல், திருக்கச்சி நம்பியின் நிழலில் ஒதுங்கி, பிறகு திருவரங்கம் போனவர். அங்கிருந்து ரகசிய மந்திரம் கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பியிடம் நடந்தார். பதினேழு தடவை 'அப்புறம் வா' என்ற பதில். பதினெட்டாவது தடவை உபதேசம் ஆயிற்று, யாரிடமும் சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையோடு. அவர் நேரே கோபுரத்தில் ஏறி ஊரைக் கூட்டிக் கூவிவிட்டார் என்பது வைணவர்கள் சொல்லிவரும் கதை. நம்பி பதறினார். ராமானுஜரோ, இத்தனை பேர் கரையேறுவார்கள் என்றால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார். இதைத் தியாகம் என்பார்கள். ஜிபிஜி தெரிந்தவன், அது பொதுச்சாவி அய்யா, கூவினால்தான் பிரயோஜனம் என்பான்.

அமெரிக்காவிலும் இதே மனஸ்தாபம் 1991இல் நேர்ந்தது. ஃபில் சிம்மர்மன் 'பிஜிபி' என்ற பூட்டை எழுதி ஊருக்கு இலவசமாக விட்டார். வலுவான பூட்டைத் தளவாடப் பட்டியலில் வைத்திருந்த சர்க்கார், பீரங்கி கடத்தியவனைப் போல் அவரை விசாரித்தது. நம்பி நரகம் என்றார்; அவர்கள் சுங்கத்துறை என்றார்கள். கோப்பாக அனுப்பினால்தானே ஏற்றுமதி, புத்தகமாக அனுப்பினால் பேச்சு சுதந்திரம் என்று நிரல் முழுவதையும் 1995இல் புத்தகமாகவே அச்சிட்டார்கள். 1996இல் விசாரணை கைவிடப்பட்டது. அதே சித்தாந்தத்தில் ஜெர்மனிக்காரர் வெர்னர் கோக் எழுதிய சுதந்திர வடிவம்தான் நம் ஜிபிஜி. 1999இல் முதல் முழுப் பதிப்பு.

தனிச்சாவிக்கு ஒரு காவல் வாக்கியம் வைக்கச் சொல்லும். மற்ற எல்லாக் கடவுச்சொல்லும் இதற்குப் பின்னால் இருக்கும். இதை மட்டும் எங்கும் எழுதிவைக்காமல் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மனசில் வைப்பதற்கு நம்மிடம் பூசலாரை மிஞ்ச ஆள் கிடையாது. திருநின்றவூர்க்காரர். கோவில் கட்ட ஆசை, கையில் காசு இல்லை. மனசிலேயே அஸ்திவாரம் தோண்டினார், மனசிலேயே கல் இழைத்தார், மதில் எடுத்தார், குளம் வெட்டினார். கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளைத்தான் காஞ்சியில் பல்லவ ராஜாவும் தன் கற்றளிக்குக் குறித்திருந்தார். அந்த ராஜா ராஜசிம்மன், அந்தக் கோவில் கைலாசநாதர் கோவில் என்று சொல்வது வழக்கம். முதல் நாள் ராத்திரி சிவபெருமான் ராஜாவின் கனவில் வந்து, நாளைக்கு எனக்கு நின்றவூரில் ஜோலி இருக்கிறது, உன் விசேஷத்தைத் தள்ளி வை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கஜானாவைக் காலி செய்து கோவில் கட்டிய மனிதரிடம் முதல் நாள் சொல்கிற சேதியா இது! ராஜா அடித்துப் பிடித்து நின்றவூர் போய், பூசலார் கட்டிய கோவில் எங்கே என்று கேட்டால் ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை. பூசலாருக்கோ ராஜாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதே அதிர்ச்சி. பாதுகாப்பு நிபுணர்கள் இந்தக் கதையைக் கவனிக்க வேண்டும்: எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் கசிந்தது. கசியவிட்டது சர்வர்.

நமக்கு அவ்வளவு வைராக்கியம் கிடையாது என்பதால் ஜிபிஜியில் ஏஜென்ட் என்று ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். காவல் வாக்கியத்தை ஒரு முறை சொன்னால் பத்து நிமிஷம் ஞாபகம் வைத்திருப்பான். இடையிடையே வேலை கொடுத்தால் நீட்டிப்பான்; ஆனால் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் ராஜாவே வந்தாலும் மறுபடி கேட்பான்.

அடுத்து 'பாஸ் இனிட்', பக்கத்தில் உங்கள் சாவியின் அடையாளம். உடனே வீட்டு ஃபோல்டரில் புள்ளி வைத்த பெயரோடு ஒரு மறைவிடம் உண்டாகும். ஒவ்வொரு கடவுச்சொல்லும் அதில் தனித்தனிக் கோப்பு, தனித்தனிப் பூட்டு. உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் கோப்பின் பெயர் வெளியே தெரியும். எந்த வங்கியில் கணக்கு, எந்தக் கடையில் பற்று என்பதை யாரும் படித்துவிடலாம். பாஸ் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ராஜசிம்மனாக இருந்தால் இதைக் குறையென்றே சொல்லியிருக்க மாட்டான். பெயர் வெளியே தெரிவதற்குத்தானே அவன் கோவிலே கட்டினான்! கைலாசநாதர் கோவில் பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களில் சுமார் 250 பட்டப்பெயர்களை வெட்டிவைத்தான். வெட்டியது அழிந்துவிட்டால் என்ன செய்வது என்று அதே பெயர்களை வேறு எழுத்து வடிவத்தில் மறுபடியும் வெட்டினான். பேக்கப் எடுப்பதில் பல்லவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பெட்டகத்துக்குள் ஒருநாள் ஆள் புகுந்தான். பழைய பாக்கி இருந்தது: நரசிம்மவர்மன் 642இல் வாதாபியைப் பிடித்து, அங்கே வெற்றிக் கல்வெட்டும் வெட்டிவிட்டு வந்திருந்தான். நூறு வருஷம் கழித்து அதே சாளுக்கிய வம்சத்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். கைலாசநாதர் கோவிலுக்குள் போனான், அங்கிருந்த செல்வத்தைக் கண்ணால் பார்த்தான், எதையும் தொடாமல் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று தூணில் கன்னடத்தில் எழுதிவிட்டுப் போனான். இன்றும் அங்கே இருக்கிறது. உங்கள் பூட்டு சரியில்லை, நான் உள்ளே வந்தேன், எதையும் எடுக்கவில்லை, இதோ என் கையெழுத்து. இந்தத் தொழிலுக்கு இன்று தனிச் சான்றிதழ் கொடுத்து, மாதச் சம்பளமும் கொடுக்கிறார்கள். பல்லவர்கள் பூட்டை மாற்றினார்களா என்பதற்குக் கல்வெட்டு இல்லை.

இனிமேல்தான் கடவுச்சொல் உருவாக்க வேண்டும். மனிதனிடம் விட்டால் காரியம் கெடும். காஞ்சிபுரத்தானிடம் விட்டால் காமாட்சி, வரதன் இரண்டில் ஒன்றைப் போட்டுப் பின்னால் பிறந்த வருஷத்தைச் சேர்ப்பான். இத்தனைக்கும் குறிபோட்டுப் பேசுவதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள முடியாது. ஜவுளி வியாபாரிகள் பத்து எழுத்துள்ள ஒரு வார்த்தையைப் பத்து இலக்கத்துக்கு வைத்துக்கொண்டு, அடக்க விலையைப் புடவைச் சீட்டிலேயே உங்கள் கண்ணெதிரே எழுதிவைப்பார்கள். நீங்கள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஐந்நூறு குறையுங்கள் என்று கெஞ்சுவீர்கள். கடைக்காரர் முகத்தில் நஷ்டப்பட்ட மனிதனின் சோகம் படரும். சீட்டில் உண்மை எழுதியிருக்கும். அவ்வளவு கெட்டிக்காரர் ராத்திரி வீட்டுக்குப் போய் வங்கிக்கு வைக்கிற கடவுச்சொல், பெரிய பெண்ணின் பெயர், ஒன்று, இரண்டு, மூன்று.

ஆகவே 'பாஸ் ஜெனரேட்' என்று அடித்து இயந்திரத்தையே உருவாக்கச் சொல்ல வேண்டும். வேறு அளவு சொல்லாவிட்டால் 25 எழுத்தில், எந்த மொழியிலும் திட்டாகக்கூடத் தேறாத ஒன்றைத் தரும். லினக்ஸின் உள்ளே யூரேண்டம் என்ற ஊற்று இருக்கிறது, அதிலிருந்து அள்ளுகிறது. யாரும் ஊகிக்க முடியாத ஒன்றை, யார் கையும் படாமல், எல்லார் முன்னிலையிலும் எடுப்பது எப்படி என்ற இந்தக் கேள்விக்குக் காஞ்சிக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில் கோவில் சுவர் நிறைய விடை எழுதியிருக்கிறது. முதல் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், சபைக்கு வாரியம் தேர்ந்தெடுக்கும் முறையை வெட்டினார்கள். இரண்டே வருஷத்தில் ஓட்டை தெரிந்துவிட்டது போலிருக்கிறது. 921இல் திருத்திய பதிப்பு. முதல் பதிப்பில் முப்பதிலிருந்து அறுபது வயசு என்று இருந்தது, இரண்டாவதில் முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆயிற்று. முப்பது வயசுப் பையன்கள் அந்த இரண்டு வருஷத்தில் என்ன செய்தார்கள் என்று யாராவது ஆராய வேண்டும்.

குடவோலை என்றால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பானைப் படத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதை எழுதியவர்கள் மனித சுபாவத்தைத் துளியும் நம்பாதவர்கள். பாதுகாப்புத் துறைக்கு வேண்டிய முதல் தகுதி அது. முப்பது குடும்பு, அதாவது வார்டு. ஒவ்வொரு குடும்புக்கும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டி, வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும், சின்னவர் முதல் பெரியவர் வரை. கோவில் பூசகர்களான நம்பிமாரில் வயதானவர் ஒருவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத ஒரு சிறுவனை விட்டு ஒரு கட்டை எடுக்கச் சொல்வார்கள். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, மறுபடி அந்தப் பையனை விட்டு ஒரு ஓலை. முடிந்ததா? இல்லை. அந்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தித்தான் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் இன்னொரு ஓலை வைத்திருந்து மாற்றிவிடுவான் அல்லவா! மத்தியஸ்தன் படிப்பான். அதோடும் விடாமல், அங்கிருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதே ஓலையை ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். இதற்கு முன் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவன் நிற்கக் கூடாது. அவனுடைய உறவுக்காரப் பட்டியல் ஒன்று கொடுத்து, அவர்களும் கூடாது. இன்று ஒரு நிறுவனம் பாதுகாப்பு ஆலோசகருக்குக் கொட்டிக் கொடுத்து வாங்குகிற அறிக்கையில் அந்த விரித்த கைக்கு ஈடாக ஒரு வரி வருமா என்பது சந்தேகம்.

பூட்டுகிற கலையில் இந்தச் சீமைக்கு இவ்வளவு தேர்ச்சி. தகராறு எப்போதும் திரும்ப எடுப்பதில்தான் வந்தது.

'பாஸ் கிட் இனிட்' என்று அடித்தால் உங்கள் பெட்டகத்தின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும். அதன் ஒரு பிரதியை வெளியூர் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். அனுப்புவது 'புஷ்', திரும்ப வாங்குவது 'புல்'. வெளியூர் பேக்கப்பின் மகிமையைக் காஞ்சி 1688இல் தெரிந்துகொண்டது. அதற்கு முந்தின வருஷம் கோல்கொண்டா ஔரங்கசீப் வசமாகியிருந்தது. படை வருகிறது என்ற பேச்சு வந்ததும் வரதராஜர் கோவில்காரர்கள் உற்சவ மூர்த்திகளைப் பாடையில் கிடத்தி, பிணம் என்று மூடி, சவ ஊர்வலமாக ஊரைவிட்டுக் கடத்தினார்கள் என்பது வழிவழிச் செய்தி. வழியில் எந்தச் சிப்பாயும் சோதிக்கவில்லை; பிணத்தின் மேல் துணியை விலக்கிப் பார்க்கச் சிப்பாய்க்கென்ன தலையெழுத்தா? தகவலை வேறு உருவத்தில் ஒளித்து அனுப்பும் கலையில் இதைவிடச் சுத்தமான வேலை கிடையாது. சேர்ந்த இடம் இன்றைய அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம். அந்த ஜமீன் காட்டில் சுவாமி பத்திரம். புஷ் ஆயிற்று.

பயம் தெளிந்தது, காஞ்சியில் நிலைமை சீரானது. புல் செய்யலாம் என்று போனால் உடையார்பாளையத்துப் பாளையக்காரர் மறுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. தினம் பூஜை, தினம் தரிசனம். அழகான பெருமாள், வீட்டு விருந்தாளியாக வந்தவர், பழகிவிட்டார். சர்வர்காரருக்கு வாடிக்கையாளரின் தகவல் மேல் பக்தி வந்துவிட்டால் எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆத்தான் ஜீயர் என்ற வைணவத் துறவி விடவில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சொன்னார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் தளபதியான லாலா தோடர்மால் படையோடு உடையார்பாளையம் போனார். (அக்பர் சபையில் நிலம் அளந்த தோடர்மால் வேறு, அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.) கிட்டில் 'ஃபோர்ஸ்' என்று ஒரு வார்த்தை உண்டு, மரியாதையாகக் கேட்டு நடக்காதபோது சேர்த்துக்கொள்வது. அது சேர்ந்ததும் 1710இல் வரதர் வீடு திரும்பினார். எந்த சர்க்காருக்குப் பயந்து ஒளித்தார்களோ அந்த சர்க்காரின் ஆளே கொண்டுவந்து சேர்த்தார் என்பதில் யாருக்கும் சங்கடமில்லை. நன்றியோடு தாயார் சன்னிதி முன்னால் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்.

காமாட்சி அம்மன் கோவிலின் தங்கச் சிலைக்கு அந்த யோகம் இல்லை, அல்லது அவளுக்கு இஷ்டமில்லை. பங்காரு காமாட்சியின் முகத்தில் புனுகு பூசிக் கறுப்பாக்கி, அம்மை வார்த்த பெண் என்று சொல்லி அர்ச்சகர் குடும்பம் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அவளும் உடையார்பாளையம் வழியாகத்தான் போனாள். அந்தக் காலத்தில் எல்லாப் பிரதியும் ஒரே சர்வரில். அங்கிருந்து திருவாரூர். அந்த அர்ச்சகர் குடும்பத்தில் 1762இல் அங்கே பிறந்த பிள்ளைதான் சங்கீத மேதை சியாமா சாஸ்திரி. பிறகு தஞ்சாவூர் மராத்திய ராஜா மேல வீதியில் கோவில் கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் கேட்டவருமில்லை, கொடுத்தவருமில்லை. கணக்கு நிரந்தரமாக மாற்றப்பட்டது. காஞ்சியில் அவள் சன்னிதி காலியாக இருக்கிறது. சியாமா சாஸ்திரி அவள் முன்னால் உட்கார்ந்து பாடியதெல்லாம் தஞ்சாவூர்க் கணக்கில் சேர்ந்தது. நம்மூர்க்காரர்கள் பட்டு நெய்துகொண்டு சும்மா இருந்துவிட்டார்கள்.

மூன்றாவது சம்பவம் எல்லாவற்றையும்விடப் பயங்கரம். அத்தி மரத்து வரதரைக் கோவில் குளத்துக்குள் ஒளித்தார்கள், இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் வாயைத் திறக்காமலே செத்துப்போனார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மூலவர் குளத்தில், குளம் ஊருக்கு நடுவில், ஆனால் யாருக்கும் தெரியாது. பழைய சீவரத்திலிருந்து வேறு மூர்த்தியைக் கொண்டுவந்து வைத்து வழிபாட்டைத் தொடர்ந்தார்களாம். பிறகு ஒரு காலம் குளம் வற்றியபோது அத்தி வரதர் அகப்பட்டார். இதற்கு பாஸில் மருந்து உண்டு: பெட்டகத்தை ஒரு சாவிக்கு மட்டுமல்லாமல் இன்னும் சில பேர் சாவிக்கும் சேர்த்துப் பூட்டலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கோவில் உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டு இருந்தால் சாவிக்காரர் எல்லாரும் வந்தால்தான் திறக்கும். பாஸ் அப்படி இல்லை. பத்துப் பேரைச் சேர்த்தால் பத்தில் யாராக இருந்தாலும் தனியாகத் திறந்துகொள்ளலாம். ஆகவே மச்சானைச் சேர்ப்பதற்கு முன் மத்தவிலாசத்தை ஒரு முறை படியுங்கள்.

கண்டெடுத்த வரதரை மறுபடியும் குளத்துக்குள்ளேயே வைத்து, நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்பது என்று ஏற்பாடாயிற்று. 1979, 2019, அடுத்தது 2059. ஜிபிஜி சாவிக்கு ஆயுசு கேட்கும் இடத்தில் நீங்களும் நாற்பது வருஷம் என்று கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளும். அனந்தசரஸ் என்ற அந்தக் குளத்திலிருந்து 2019இல் எழுந்தருளியவர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி கொடுத்தார், முதலில் படுத்தும் பிறகு நின்றும். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்று கணக்கு சொன்னார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நின்று வேர்த்து விறுவிறுத்து உள்ளே போனால், கைகூப்புவதற்குள் ஜருகண்டி. 'பாஸ்' என்ற வார்த்தைக்குப் பின்னால் 'சி' போட்டால் கடவுச்சொல் திரையில் தெரியாமல் கிளிப்போர்டுக்குப் போகும். 45 விநாடியில் தானாக அழிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் குறைச்சல் என்று அலுத்துக்கொள்கிறார்கள். வரதரிடம் நமக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் 45 விநாடி என்பது விசேஷ கட்டண தரிசனம்.

பாக்கி ஒரே ஒரு வேலை. ஏற்கெனவே போட்டதைத் திருத்த 'பாஸ் எடிட்'. அதற்கு எந்த எடிட்டர் என்று முன்கூட்டியே அமைத்து வைக்க வேண்டும். இங்கேதான் காஞ்சிபுரத்தான் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்குவான். இரண்டு சம்பிரதாயம். ஒன்று 'விஐ', பில் ஜாய் வழி. மற்றது 'ஈமாக்ஸ்', ரிச்சர்டு ஸ்டால்மன் வழி. இரண்டும் தோன்றியது 1976. இரண்டும் ஒரே கோப்பைத்தான் திருத்துகின்றன, ஒரே எழுத்துகளைத்தான் சேமிக்கின்றன. ஆனால் ஐம்பது வருஷமாக ஒருவர் வீட்டுப் பந்தியில் ஒருவர் உட்காருவதில்லை. வரதராஜர் கோவிலில் வடகலையாரும் தென்கலையாரும், யார் முதலில் பாடுவது, எங்கே நின்று பாடுவது, முடிவில் எந்த ஆசாரியனை வாழ்த்துவது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்றம் ஏறி இறங்குகிறார்கள். யானை நெற்றியில் பாதம் வைத்த நாமமா வைக்காத நாமமா என்பது வரை சண்டை என்பார்கள். யானையின் அபிப்பிராயம் பதிவாகவில்லை. நீங்கள் எதையும் சொல்லாமல் விட்டால் பாஸ் தானாக விஐயைத்தான் திறக்கும். ஈமாக்ஸ்காரர்களுக்கு இது முதல் தீர்த்தத்தைப் பறிகொடுத்த மாதிரி. விஐ சன்னிதிக்குள் தெரியாமல் நுழைந்த புதியவர்களோ, வெளியே வரும் வாசல் தெரியாமல் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்கள்.

இரண்டு கோஷ்டியும் வேண்டாம் என்பவர்களுக்கு மூன்றாவதாகச் சாதுவான ஒன்று உண்டு. என்னென்ன செய்யலாம் என்பதைத் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டிவிடும், வெளியே போகும் வழி உட்பட. பெயர் நானோ. வடகலையா தென்கலையா என்று யாராவது பிடித்து நிறுத்தினால், அந்தப் பெயரையே கொஞ்சம் அப்பாவியாக இழுத்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.